குன்றுக்கு இந்தப் பக்கம்

"பாதிப் பேச்சுதான் கேக்குது, பிலோமினாம்மா. மீதிப் பாதிக்கு என்ன வழி?"

மாடி ஏறி வந்த சிங்காரவேலு மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கேட்டார்.

பிலோமினா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும், விமானிகள் பேசிக்கொள்வதை ரேடியோப் பெட்டியில் ஒட்டுக் கேட்பதே பொழுதுபோக்காகிவிட்ட அந்தப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அவள்தான் குரு. யாரும் மாலை போட்டு நியமிக்கவில்லை. தெரியாததை அவளிடம் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிவிட்டது.

அவள் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே ஒரு குன்று. நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையை இவர்கள் கன்ட்ரோல் என்பார்கள். கன்ட்ரோல் பேசுவது குன்றைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. விமானம் குன்றுக்கு மேலே ஏறிய பிறகு விமானி பேசுவது மட்டும் வரும்.

"உயரமா ஒரு ஏரியல் கம்பி நட்டுடலாம்மா. இன்னிக்கு எனக்கு முழுசாக் கேக்கணும்."

"அப்படி என்ன இன்னிக்கு?"

"சுடர் போறா. ஜெர்மனிக்கு. அவ விமானத்தைக் கிளம்பச் சொல்றதை என் காதால கேக்கணும்."

பிலோமினா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். சுடர்விழி அவருக்கு ஒரே மகள். தாயைப் பறிகொடுத்த பெண்.

"ஏண்ணே, பொண்ணு தேசம் விட்டுப் போறா. நீங்க ஏர்போர்ட்ல நிக்காம என் மாடியில வந்து நிக்கிறீங்க?"

"அவதான் வர வேண்டாம்னுட்டா."

சொல்லும்போதே அவர் முகம் சுண்டிப்போயிற்று. நேற்றிலிருந்து அதைத்தான் மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தார். பெற்றவனை வர வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு மகளுக்கு ரோஷம் என்றால் அப்பனுக்கு மட்டும் இருக்காதா? மத்தியானம் அவள் பெட்டியோடு கிளம்பும் நேரம் பார்த்து, ஏதோ கடைக்குப் போகிறவர் மாதிரி வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றினார். கைப்பேசியையும் அப்போதே அணைத்துவிட்டார்.

இப்போது அது மாடிப்படிக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் கிடந்தது. கைப்பேசி பக்கத்தில் இருந்தால் ரேடியோ இரையும். அதனால் தூக்கில் போட்டுவிட்டுத்தான் யாரும் மேலே வர வேண்டும் என்பது அந்த மாடியின் சட்டம்.

"கம்பி அப்புறம் நடலாம். உக்காருங்க," என்றாள் பிலோமினா.

கைப்பிடிச் சுவரின் மேலிருந்த ரேடியோப் பெட்டியில் ஒரு விமானியின் குரல் கரகரத்தது. நாலாயிரம் அடிக்கு இறங்குகிறேன், இடப்பக்கம் திரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தது.

"கன்ட்ரோல் என்ன சொல்லிச்சு?" பிலோமினா அவரைக் கேட்டாள்.

"நாலாயிரத்துக்கு இறங்கு, இடப்பக்கம் திரும்புன்னு சொல்லியிருக்கும். அதைத்தானே இவன் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான்."

"ஒப்பிக்காம வெறும் சரின்னு சொன்னா?"

"விட மாட்டாங்க. திருப்பிச் சொல்லும்பாங்க."

"தப்பாத் திருப்பிச் சொன்னா?"

"உடனே திருத்துவாங்க."

"சரியாச் சொன்னா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடுத்த விமானத்துக்குப் போயிடுவாங்க. இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானேம்மா, என்னையே பரீட்சை வைக்கிறீங்க?"

"சுடர் என்ன சொன்னா? திருப்பிச் சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. வர வேண்டாம்னா."

"தப்பு."

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது. "நீங்க பக்கத்துல இருந்து கேட்டீங்களா?"

"இல்ல. ஊருக்குப் போற பொண்ணு அப்பாகிட்ட ரெண்டு வார்த்தையோட நிறுத்தியிருப்பாளா? முழுசாச் சொல்லுங்க."

அவர் வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நான் ரேடியோ ஒயரைக் காதுல மாட்டியிருந்தேன்."

"ரெண்டு காதுலயுமா?"

"ஒரு காதுலதான்."

"அந்தக் காதுல என்ன ஓடிச்சு?"

இதற்கு அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஒரு சரக்கு விமானம். ஓடுபாதையில பறவைக் கூட்டம்னு இறங்க விடாம மேலயே சுத்த விட்டாங்க. விமானிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. இன்னும் அரை மணிக்குத்தான் எண்ணெய் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், பாவம். கடல் பக்கம் போய் ஒரு சுத்து, திரும்பி வந்து ஒரு சுத்து..."

ஒரு வார்த்தை பிசகாமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலே அவருக்கு நாராசமாகக் கேட்டது. எவனோ முகம் தெரியாதவனுக்குத் தொண்டை கட்டியது வரை ஞாபகம் இருக்கிறது.

"அவன் சுத்திக்கிட்டிருந்தப்ப சுடர் எங்க நின்னா?"

"கதவுகிட்ட. கையில பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு. அப்பான்னு கூப்பிட்டா."

"ம்."

"அப்பா, வர வேண்டாம்னா."

"தப்பு. திருப்பிச் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு முடியலைன்னா வர வேண்டாம்னா."

"அதுக்கு முன்னாடி?"

மாட்டாத காதும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்டதைப் பத்திரமாக வைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. அவர்தான் போய்க் கேட்கவில்லை.

"நான் வெளி வாசல்லதான் நிப்பேன். கடைசி நிமிஷம் வரைக்கும் உள்ள போக மாட்டேன். அம்மா இருந்தா வந்திருக்கும். உங்களுக்கு முடியலைன்னா வர வேண்டாம்னா..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் உதடு கோணியது.

"சரின்னேன்."

பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தாங்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"இன்னும் குறையுதுண்ணே."

சிங்காரவேலு எழுந்துவிட்டார். தூக்கில் கிடக்கும் கைப்பேசி ஞாபகம் வந்து படியை நோக்கி ஓடினார். முதல் படியில் கால் வைத்தபோது பெட்டி மறுபடியும் கரகரத்தது.

ஒரு பெண் விமானியின் குரல். சுடர்விழி போகும் விமானத்தின் எண்ணைச் சொல்லி, ஆறாயிரம் அடிக்கு ஏறுகிறேன், வலப்பக்கம் திரும்புகிறேன் என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னது.

"அவளும் இப்ப போனை அணைச்சிருப்பாண்ணே," என்றாள் பிலோமினா.

குன்றுக்கு மேலே விமானம் தெரிந்தது. சக்கரங்களை மடக்கிக்கொண்டு வெயிலில் திரும்பியது. சிங்காரவேலு படியிலிருந்து காலை எடுத்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"அப்பா, நான் வெளி வாசல்லதான் நிப்பேன். கடைசி நிமிஷம் வரைக்கும் உள்ள போக மாட்டேன். அம்மா இருந்தா வந்திருக்கும். உங்களுக்கு முடியலைன்னா வர வேண்டாம். ஆனா நீங்க வந்தா எனக்கு நல்லா இருக்கும்பா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை.