சங்க அறைக்கு ஒரு லென்ஸ்

"எந்த லென்ஸ் வாங்கறது அம்மணி?" என்று கேட்டார் ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் மாரப்பன்.

ஜெபமணி சிங்காநல்லூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். பஞ்சாலை மூடிய பிறகு மாரப்பனுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். வயதில் சீடர்தான் பதின்மூன்று வருஷம் மூத்தவர்.

இப்போது என்ன லென்ஸ் இருக்கிறது என்று கேட்டாள்.

இருபத்துநாலு எம்.எம். அகலமானது என்று நம்பி வாங்கியது. கேமராவின் சென்சார் சின்னது. அதில் மாட்டியதும் அகலம் சுருங்கிவிட்டது.

"பின்னால நகந்து எடுக்கலாமுங்களே?"

"சங்க அறை சின்னது, முதுகு செவுத்துல முட்டுது."

"ஃபிளாஷ்?"

மாரப்பன் சிரித்தார். வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகத்தின் ஆள் மொட்டைமாடியில் நின்று ஃபிளாஷ் அடித்துப் படம் எடுப்பான். படத்தில் முகம் தெரிந்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை. இன்றைக்கும் ஃபிளாஷ் மின்னினால் சங்கத்தார் மொத்தமாகத் தலை குனிகிறார்கள்.

அன்று வாயிற்கூட்டத்துக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள். துண்டறிக்கையின் மை காய்வதற்குள் ஊரே படித்து முடித்திருக்கும். இன்று ஆண்டுக்கூட்டத்துக்கு நாற்பது பேர். மற்றவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் மகன் வீட்டில் டிவி பார்க்கிறார்கள்.

சங்க அறையை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கூட்டம்.

"பொன்னுருவியக்கா கேட்டுட்டாங்க," என்றார் மாரப்பன். "இருபது வருஷமா எனக்குப் பாதி மூஞ்சிதான் வருது தோழர், செத்தா மாலை போடக்கூட ஒரு படம் இல்லைன்னு."

பொன்னுருவி ஆலையில் பஞ்சு கூட்டியவள். வேலைநிறுத்தத்தில் முதலில் கைதானவள். படம் எடுக்கும்போது எப்போதும் வரிசையின் கடைசியில் போய் நிற்பாள்.

ஜெபமணி பதினாறு எம்.எம். லென்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். அகலமானது, குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும். வியாழக்கிழமை நடக்கும் ஏற்பாட்டுக் கூட்டத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மாரப்பன் கோபமாக வந்தார். எல்லோரும் படத்தில் இருந்தார்கள். பொன்னுருவியும் முழுசாக இருந்தாள். ஆனால் முகம் பக்கவாட்டில் இழுபட்டு, யாரோ கன்னத்தைப் பிடித்துத் திருகியது போல இருந்தது.

"அந்தக்காவுக்கு இதையா காட்டறது? வேற நல்ல லென்ஸாக் குடு."

"அகல லென்ஸ்ல ஓரம் இழுக்கத்தான் செய்யுமுங்ண்ணா. நடுவு இழுக்காது."

படத்தைக் கணினியில் பெரிதாக்கினாள். நடுவில் விரலை வைத்தாள்.

முன்வரிசையில் ஏழு நாற்காலிகள். ஆறில் சங்கச் செயற்குழு. நடுவில் இருந்தது காலி. அதன்மேல் ஒரு சிவப்புத் துண்டு.

"இது யாருதுங்க?"

"என்னுது. நான் படம் எடுக்கப் போயிட்டாலும் அதுல யாரும் உக்காரமாட்டாங்க. போராட்டத்துக்குத் தர்ற மரியாதை அது. நாற்பது வருஷமா தோழர்கள் காப்பாத்திட்டு வர்றாங்க."

"நாற்காலியத் தூக்கிட்டு வந்து நடுவுல போடறது யாருங்க?"

மாரப்பன் திரையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அறையைத் திறப்பவர் அவர். நாற்காலிகளைப் போடுபவர் அவர். துண்டு அவருடையது.

ஜெபமணி வேறு லென்ஸ் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம் அம்மணி. இதே இருக்கட்டும்," என்றார் மாரப்பன். "அக்காவ ஞாயித்துக்கிழமை அந்த நடு நாற்காலியில வந்து உக்காரச் சொல்றேன்."