எழுபதில் நிறுத்திய லென்ஸ்

"டீச்சர், எந்த லென்ஸ் வாங்கட்டும்? ஒன்னே ஒன்னு சொல்லு. கடைக்காரன் போன் மேல போனா அடிக்கான்."

ஆபிதா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொர்ணக்கனி கேட்டுவிட்டாள். ஆபிதா ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்துக்குக் கம்ப்யூட்டரில் படம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உக்காருங்கக்கா."

"உக்காரதுக்கு வரலை. நீ சொல்லு டீச்சர்."

கற்றுக்கொடுக்கிற ஆபிதாவுக்கு முப்பத்து மூன்று வயது. கற்றுக்கொள்கிற கனிக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. மூத்தவள் என்பதால் 'நீ' என்பாள். பாடம் கேட்கிறவள் என்பதால் 'டீச்சர்' என்பாள். இரண்டும் ஒரே மூச்சில் வரும்.

கனிக்குத் தொழில் மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவது. பாளையங்கோட்டையில் பெண்கள் மட்டும் கூடுகிற சடங்கென்றால் படம் எடுக்க ஆபிதாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே அறையில் அடிக்கடி பார்த்துப் பார்த்து, கனிக்கும் கேமரா மேல் ஆசை வந்தது. ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினாள். அதோடு வந்த சின்ன லென்ஸிலேயே ஆபிதாவிடம் பழகினாள். போன மாதம்தான் தனியாக முதல் வேலை பிடித்தாள். மதிவதனி என்கிற பெண்ணின் நிச்சயதார்த்தம்.

"படம் பாத்துட்டுப் பொண்ணு என்ன சொன்னா?" ஆபிதா கேட்டாள்.

"அதை ஏன் கேக்க? மூக்கு கத்திரிக்கா மாதிரி இருக்குன்னு சொல்லிட்டா."

ஆபிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிச்சிராத, எனக்கு அழுகை வருது. அந்த வீட்டுல எல்லாமே அவ அத்தைதான். நேத்து கூப்பிட்டா. வெள்ளிக்கிழமை நலுங்காம். அது ஒழுங்கா வந்தா கல்யாணமும் எனக்கு. இல்லைன்னா மதுரையில இருந்து ஆளு வருதாம். முதல் வேலையே கையை விட்டுப் போச்சுன்னா அடுத்தவ எவ கூப்பிடுவா? பழையபடி பவுடர் பெட்டியத் தூக்கிட்டு அலைய வேண்டியதுதான்."

"கடைக்காரர் என்ன சொல்லுதாரு?"

"ரெண்டு சொல்லுதான். 24-70 ஒன்னு. நல்ல கனம். ஜூம் பண்ணப் பண்ண வெளிச்சம் குறையவே குறையாதாம். இன்னொன்னு 24-105. தூரத்துல கிடக்கதையும் எட்டிப் பிடிக்குமாம். ஆனா, வெளிச்சம் கம்மியான இடத்துல அது கொஞ்சம் திணறுமாம். எனக்கு ஒன்னுதான் வாங்க முடியும். எதுல மூக்கு சின்னதா வரும்?"

"மூக்குக்கு லென்ஸ் கேட்ட முதல் ஆளு நீங்கதான்."

"கேலி பண்ணாத டீச்சர்."

ஆபிதா நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"மேக்கப் போடும்போது எங்க நிப்பீங்க?"

"எங்க நிப்பாவ? பொண்ணுக்கு முன்னாலதான். கை எட்டணும்லா."

"படம் எடுக்கும்போது?"

"அங்கயேதான்," என்றாள் கனி.

"உங்க போன்ல செல்ஃபி எடுங்க, பாப்போம்."

கனி எடுத்தாள். பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"மூக்கு?"

"பெருசாத்தான் இருக்கு."

"போன் மேல தப்பா?"

கனி போனைப் பிடித்திருந்த தன் கையின் நீளத்தைப் பார்த்தாள். ஆபிதா இனி விளக்குவாள் என்று எதிர்பார்த்தாள். ஆபிதாவோ எழுந்து போய்த் தன் பையைத் திறந்தாள். தன்னுடைய 24-70 லென்ஸை எடுத்துக் கனியின் கேமராவில் மாட்டினாள். ஜூம் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருகி, தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் எழுபதில் வைத்தாள். மேஜையில் கிடந்த கறுப்பு டேப்பை எடுத்து வளையத்தைச் சுற்றி இறுக்கி ஒட்டினாள். இனி வளையம் இந்தப் பக்கமும் திரும்பாது, அந்தப் பக்கமும் திரும்பாது.

"வெள்ளிக்கிழமை இதுல எடுங்க. டேப்பைப் பிரிக்கக் கூடாது."

"எந்த லென்ஸ் வாங்கன்னு கேட்டேன்."

"கேட்டீங்க. இப்போ என்னை ஒரு படம் எடுங்க."

கனி வழக்கம்போல அவள் எதிரே போய் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். ஆபிதாவின் ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் உள்ளே வந்தன. இரண்டடி பின்னால் போனாள். இன்னும் இரண்டடி போனாள். முதுகு பீரோவில் இடித்தது.

"உன் முகம் இப்பதான் முழுசா வருது. இதுக்கு மேல போக எடம் இல்லையே."

"கதவு தொறந்துதான் இருக்கு," என்றாள் ஆபிதா.

மதிவதனியின் வீடு பழைய தெரு ஒன்றில் இருந்தது. அகலம் இல்லை, நீளம்தான். ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல ஒரு அறைக்குப் பின்னால் இன்னொரு அறை. வாசல், பட்டாசல் என்கிற கூடம், ரெண்டாங்கட்டு, அடுப்படி. பட்டாசலின் நடுவில் மணையைப் போட்டுப் பெண்ணை வாசல் பார்க்க உட்காரவைத்திருந்தார்கள். சுவரில் ஒற்றை டியூப் லைட். சந்தனக் கிண்ணம், குங்குமம், பன்னீர்ச் செம்பு எல்லாம் தட்டில் தயாராக இருந்தன.

அத்தை செண்பகம் கனியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னைக்காவது எங்க பிள்ளைக்கு மூக்கை மூக்கா எடுங்க."

கூட்டம் சிரித்தது. கனியும் சிரித்துவைத்தாள்.

முதல் சுமங்கலி வந்து சந்தனம் பூசினாள். கனி கேமராவைத் தூக்கினாள். உள்ளே வெறும் கன்னம். பின்னால் நகர்ந்தாள். காலில் ஒரு குழந்தை தட்டியது. ஒரு மாமியின் மடியில் உட்காரப் போய்த் தப்பித்தாள். விரல் தானாக டேப்பின் முனையைத் தேடியது. நிரடியது. விட்டுவிட்டது.

இதற்குள் சந்தனம் வழிந்து பெண்ணின் புருவத்துக்கு வந்துவிட்டது. கனிக்குப் பொறுக்கவில்லை. கேமராவைத் தோளில் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கைக்குட்டையால் ஒற்றினாள். கலைந்த ஒரு முடியைக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

"அக்கா, நீங்க இன்னைக்கு மேக்கப்பா, போட்டோவா?" என்றாள் மதிவதனி.

"ரெண்டும்தான். பேசாம இரு, உதட்டுச் சாயம் போயிரும்."

திரும்பவும் பின்வாங்கினாள். பட்டாசலைக் கடந்து, வாசல் நடையைக் கடந்து, தெருப்படியில் இறங்கி நின்றாள்.

"ஏட்டி, போட்டோக்காரி வெளிய போறா! யாராவது பிடிச்சு நிறுத்துங்கட்டி!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

மறுபடி சிரிப்பு. கனி கவனிக்கவில்லை. பெண் இப்போதுதான் முழுதாக உள்ளே வந்திருந்தாள். மணை, மடியில் கோத்த கை, மாலை, முகம். மூக்கு மூக்காக இருந்தது. தெருவில் நின்று எடுக்கிறோம், உள்ளே ஒற்றை லைட், படம் இருட்டடிக்கும் என்றுதான் நினைத்தாள். அடிக்கவில்லை.

அப்போதுதான் பெண்ணின் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் இருப்பதைப் பார்த்தாள்.

மதிவதனியின் அம்மா. பெயர் சிவகாமி. நிச்சயத்தன்று கனி அவளைப் பார்த்த நினைவே இல்லை. கணவன் இறந்தபிறகு அவள் இந்த மாதிரி சடங்குகளில் முன்னால் வருவதில்லை. யாரும் வராதே என்று சொன்னதும் இல்லை, வா என்று சொன்னதும் இல்லை. ரெண்டாங்கட்டின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தாண்டாமல், மகளின் முதுகைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

கனி கேமராவை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தாள். அம்மா எங்கோ உள்ளே, சின்னதாக, தள்ளி நின்றாள். கேமராவைக் கண்ணில் வைத்தாள். அம்மா மகளின் தோளை ஒட்டி நின்றாள். கொஞ்சம் மங்கலாக, ஆனால் யாரென்று தெரிகிற அளவுக்கு.

கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

சுமங்கலிகள் முடித்துக் காப்பிக்கு எழுந்தபோது மதிவதனி கையை நீட்டினாள்.

"காட்டுங்கக்கா. மூக்கைப் பாக்கணும்."

கனி அந்தப் படத்தைத்தான் காட்டினாள். வேறு எதையும் காட்டத் தோன்றவில்லை. மதிவதனி பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள். போச்சு, மதுரைக்காரன் வந்துவிட்டான் என்று கனி நினைத்தாள்.

"அம்மா எப்போ என் பக்கத்துல வந்தா?"

"வரலைம்மா. அங்கதான் நின்னாங்க."

மதிவதனி திரும்பிப் பார்த்தாள். அம்மா இன்னும் நிலையிலேயே நின்றிருந்தாள். மகள் எழுந்துபோய்க் கேமராவை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சிவகாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"மூக்கு நல்லாத்தானட்டி வந்திருக்கு," என்றாள்.

செண்பகமும் எட்டிப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து இந்தமுறை கேலி எதுவும் வரவில்லை. தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். நிலைவரைக்கும் போய் நீட்டினாள்.

"ஏன் மைனி, உங்க கையி மட்டும் சும்மா இருக்கு?"

சிவகாமி கிண்ணத்தைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு நிலையைத் தாண்டி வந்தாள்.

கனி கிளம்பும்போது செண்பகம் வாசல்வரை வந்தாள்.

"கல்யாணத்தன்னைக்குக் காலையில சீக்கிரம் வந்துருங்க. நேரம் கழிச்சு வந்தா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"வந்துருதேன்மா," என்றாள் கனி. பஸ் ஸ்டாப்வரை 'கல்யாணத்தன்னைக்கு' என்ற அந்த ஒரு வார்த்தையையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

நேராக ஆபிதா வீட்டுக்குத்தான் போனாள். கையில் ஒரு டப்பா.

"முந்திரிக்கொத்து. பொண்ணோட அம்மா உனக்குன்னு தந்தாவ. யாருகிட்ட படிச்சீங்கன்னு கேட்டா, உன் பேரைச் சொன்னேன். உள்ள போய் அவளே எடுத்துட்டு வந்தா."

ஆபிதா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு படங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் அந்த ஒன்றில் நின்றாள். விரலை அதற்குமேல் தள்ளவில்லை. அது பிடித்திருக்கிறது என்று கனிக்குத் தெரியும்.

"கடைக்காரருக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"24-70தான்னு சொல்லிட்டேன்."

"நான் வச்சிருக்கேன்னா?"

"போ டீச்சர். அந்தப் பட்டாசல்ல ஒத்த டியூப் லைட்டு. எழுபதுலயே வச்சிருந்தும், தெருப்படியில நின்னு எடுத்தும், அவ முகம் கறுக்கலை. என் பழைய லென்ஸுன்னா அடுப்புக் கரி மாதிரி வந்திருக்கும். அந்த நூத்தி அஞ்சை வாங்கி நான் என்ன செய்ய? அவ்வளவு தூரம் போகணும்னா எதுத்த வீட்டுக்குள்ள போய் நிக்கணும். நான் போற வீடெல்லாம் அந்த மாதிரிதான்."

"அப்போ சரி. வாங்குங்க."

ஆபிதா முந்திரிக்கொத்து ஒன்றைப் பிட்டு, பெரிய பாதியைக் கனியிடம் கொடுத்தாள். கனி தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, வளையத்திலிருந்த டேப்பை மெதுவாக உரித்தாள். ஒட்டியிருந்த பசையையும் துணியால் துடைத்தாள். லென்ஸை மேஜைமேல் வைத்தாள். கையை உடனே எடுக்க மனம் வரவில்லை.

"உனக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன் டீச்சர். ஆனா முதல்ல இதுக்குத்தான் சொல்லணும்," என்றாள். "அத்தனை பேரு இருந்த வீட்டுல அவளை வான்னு ஒருத்தரும் கூப்பிடலை. இந்த லென்ஸ்தான் கூட்டிட்டு வந்து மக பக்கத்துல நிறுத்துச்சு."

ஆபிதா லென்ஸுக்கு மூடியைப் போட்டுப் பையில் வைத்தாள்.

"லென்ஸ் யாரையும் கூட்டிட்டு வராதுக்கா," என்றாள். "நீங்க தள்ளிப் போனீங்க. அவங்க கிட்ட வந்தாங்க."