கேரம் ஸ்ட்ரைக்கரின் விட்டம்

கெட்டிக்காரர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள், ஒரு வழக்கு இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சங்கரபாண்டி, திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம், கோடை விடுமுறைப் பயிற்சிக்கு ஒரே ஒரு மாணவரை அனுப்பச் சொல்லியிருந்தது. போக ஆசைப்பட்டவர்கள் ஹபீப், ஜெபக்கனி, மாசானம் என்று மூன்று பேர். ஜெபக்கனிதான் வகுப்பில் முதல். பெங்களூர்க் குளிருக்கென்று அவள் அம்மா ஸ்வெட்டரே வாங்கிவிட்டாள். சங்கரபாண்டிக்கும் அவளை அனுப்பத்தான் ஆசை. ஆனால் போன வருடம் அந்த இடத்தைத் தனக்கு வேண்டிய பையனுக்குக் கொடுத்துவிட்டார் என்று கல்லூரி முழுக்க அவர் தலையை உருட்டினார்கள். அதனால் இந்தத் தடவை போட்டி வைத்தார்.

விடுதிப் பையன்கள் ஆடித் தேய்த்த கேரம் ஸ்ட்ரைக்கர் ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் உருட்டிவிட்டார். அது ஒழுங்காக ஓடாமல் தத்தித் தத்திப் போய் நின்றது.

"இதோட விட்டம் என்ன? வெர்னியர் அளவுகோல் வெச்சு அஞ்சு தடவை அளந்து, அளவு எவ்வளவு முன்னப்பின்ன வருதுங்கற பிழையும் கணக்குப் போட்டுக் குடுங்க. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க, நான் பக்கத்துல இருந்து பாப்பேன்" என்றார்.

முதலில் போனவன் ஹபீப். ஸ்ட்ரைக்கரின் விளிம்பில் எதிரும் புதிருமாகப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டான். ஐந்து தடவையும் அந்தப் புள்ளிகளிலேயே அளந்துவிட்டு மையைத் துடைத்தான். ஐந்தும் 4.13 சென்டிமீட்டர். பிழை பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான்.

ஜெபக்கனி ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் திருப்பி அளந்தாள். நான்கு தடவை 4.13 வந்தது, ஒரு தடவை மட்டும் 4.09. அந்த ஒன்றை அடித்துவிட்டு, மீதி நான்குக்கும் சராசரி போட்டாள். அவள் விடையும் 4.13, பிழை பூஜ்யம்.

மாசானமும் திருப்பித் திருப்பித்தான் அளந்தான். அவனுக்கும் நான்கு 4.13, ஒன்று 4.09. அவன் எதையும் அடிக்கவில்லை. சராசரி 4.12 என்று வந்தது. பிழையும் மூவரில் அவனுக்குத்தான் அதிகம்.

சங்கரபாண்டி மூவரையும் கூப்பிட்டார்.

"எதுக்குலே புள்ளி வெச்ச?"

"அளவு மாறிடக் கூடாதுல்லா சார்" என்றான் ஹபீப்.

"நீ ஏம்மா அடிச்ச?"

"கை பிசகிட்டுன்னு நெனச்சேன் சார். ஒத்துவராத அளவை விட்டுறலாம்னு நீங்கதான சொல்லித் தந்தீங்க?" என்றாள் ஜெபக்கனி. அவர் வகுப்பில் அப்படிச் சொன்னது வாஸ்தவம்தான்.

"நீ ஏன் அடிக்கல?"

மாசானம் தலையைச் சொறிந்தான். "அதுவும் நான் கண்ணால பாத்ததுதான சார். ஏன் அப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

ஒருவன் விடையில் மயிரிழை பிசகில்லை. ஒருத்தி ஆசிரியர் சொல்லைத் தட்டவில்லை. இன்னொருவனுக்குக் காரணமே தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், பெங்களூருக்கு யாரை அனுப்புவது நியாயம்?

விடை: மாசானத்தை. சங்கரபாண்டி தாமே வெர்னியரை எடுத்து விளிம்பைச் சுற்றி அளந்து பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் எத்தனை தடவை வைத்தாலும் 4.09தான் வந்தது. அங்கே ஸ்ட்ரைக்கர் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தது. ஆக, பிசகு கையில் இல்லை, பொருளில்தான். ஹபீப் ஓரிடத்தை மட்டும் அளந்துவிட்டு முழுவதையும் அளந்ததாக நம்பினான். ஜெபக்கனி உண்மையைக் கையில் பிடித்து, மறுபடி ஒரு தடவை அளந்துகூடப் பார்க்காமல் அடித்துப் போட்டாள். மாசானத்துக்கும் காரணம் தெரியாதுதான். ஆனால் தெரியாததைத் தெரியாதபடியே எழுதி வைத்தான், அதனால்தான் அடுத்தவர் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. தீர்ப்பைக் கேட்டு ஜெபக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொன்னதத்தான சார் செஞ்சேன்?" என்றாள். "ஆமாம்மா. காரணம் தெரிஞ்சா மட்டும்தான் விடணும்னு சேத்துச் சொல்லியிருக்கணும். நான் பாதிதான் சொல்லித் தந்தேன்" என்றார் சங்கரபாண்டி.