உலகம்மாளுக்கு வந்த விக்கல்

ஒரு காலத்தில், அதாவது போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஒரு விக்கல் பிறந்தது.

பிறந்த இடம் உலகம்மாளின் தொண்டைக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து அறிவிக்கிறவள் உலகம்மாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கத்து ஜனங்கள் அவள் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். அன்றைக்குக் காலையில் அவள் டிபன் பாக்ஸில் இருந்த ரவை உப்புமாவை ஒரு மடக்குத் தண்ணீர் கூட இல்லாமல், எங்கோ பார்த்துக்கொண்டே, நாலு வாயில் விழுங்கினாள். நாலாவது வாய் இறங்கியதும் விக்கல் கண் விழித்தது.

விக்கல்களுக்கு ஆயுள் கம்மி. ஐந்து நிமிஷம் இருக்கும், மிஞ்சிப்போனால் பத்து. இந்த விக்கலும் அதற்கு மேல் ஆசைப்படவில்லை. நாலு தரம் குதித்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கிளம்ப முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நல்ல பெரிய ஆள்.

"கொஞ்சம் நவுருங்க அண்ணாச்சி, நான் போவணும்" என்றது விக்கல்.

"முடியாது. நான் நவுந்தா இவ அழுதுருவா."

"நீங்க யாரு?"

"பயம். பதினோரு நாளா இங்கதான் இருக்கேன்."

"பதினோரு நாளா! உங்களை வெளிய அனுப்ப யாரும் ஒரு வைத்தியமும் சொல்லலையா?"

"நான் இருக்கதே ஒருத்தருக்கும் தெரியாதே" என்றது பயம். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னது. "நான் சத்தம் போட மாட்டேன்."

விக்கலுக்குச் சத்தம் போடாமல் இருக்கத் தெரியாது. அடுத்த நிமிஷமே உலகம்மாள் மைக்கை அழுத்தினாள்.

"பயணிகள் கவனத்திற்கு. செங்கோட்டை... இக்... செல்லும் பேருந்து... இக்... இரண்டாவது... இக்..."

ஒலிபெருக்கிகள் ஆறும் ஒன்றாக விக்கின. பஸ் ஸ்டாண்டே நிமிர்ந்து பார்த்தது. கால் மணி நேரத்தில் அறிவிப்பு அறை வாசலில் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள்.

முதல் ஆள் டீக்கடை ஆவுடையப்பன். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். "யக்கா, மூக்கைப் பொத்திக்கிட்டு ஏழு மடக்கு குடிங்க. எண்ணிக்கோங்க. எட்டாச்சுன்னா மறுபடி வந்துரும்."

உலகம்மாள் ஏழு மடக்கு குடித்தாள். தண்ணீர் உள்ளே இறங்கி, விக்கலைப் பார்த்து மரியாதையாகச் சொன்னது: "வாங்க, போவலாம். வழக்கமா என்கூடத்தான் உங்க ஆளுங்க வருவாங்க."

"வர மாட்டேன்னா சொல்லுதேன்? அந்த அண்ணாச்சியைப் பாருங்க."

தண்ணீர் பயத்தைப் பார்த்தது. அதைச் சுற்றிக்கொண்டு கீழே போய்விட்டது.

அடுத்து நாக்குக்கு அடியில் ஒரு ஸ்பூன் சீனி. சீனி கொஞ்சிப் பேசிப் பார்த்தது, கரைந்தது. அதற்குப் பிறகு, மதுரை வண்டி டிரைவர் தன் காக்கிச் சட்டையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, எச்சில் தொட்டு, உலகம்மாளின் குங்குமப் பொட்டுக்கு மேலே ஒட்டினார். நூல் வெட்கத்தில் சுருண்டது. "என்னைக் கைக்குழந்தைக்குத்தானே ஒட்டுவாங்க! இந்த அம்மாவுக்குப் பேத்தி எடுக்கற வயசாச்சே" என்று முனகியது.

ஒரு பயணி செல்போனில் வந்திருந்ததை உரக்கப் படித்தார். இடது காதில் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, கிழக்கே பார்த்தபடி பாதி வாழைப்பழம் தின்ன வேண்டுமாம். கிழக்கே கட்டணக் கழிப்பறை இருந்தது. உலகம்மாள் அதையும் செய்தாள்.

"வாயை மூடி மூச்சை அடக்கு" என்றார் ஒருவர். "வாயைத் திறந்து நாக்கை இழு" என்றார் அவர் பக்கத்தில் நின்றவர். இரண்டு பேருக்கும் அங்கேயே சண்டை வந்தது.

"ஏளா உலகு, உன்னை யாரோ நினைக்காங்க" என்றாள் மைதீன் பாத்து. அறை வாசலில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்பவள். உலகம்மாளின் வயசுதான் அவளுக்கும். "பேரைச் சொல்லு, நின்னுரும்."

உலகம்மாள் திருப்பூரில் இருக்கும் மகள் பேரைச் சொன்னாள். கேரளாவில் ஹோட்டல் வேலை பார்க்கும் புருஷன் பேரைச் சொன்னாள். தம்பி, தம்பி பெண்டாட்டி, செத்துப்போன சின்னம்மை. ஒரு பேருக்கும் விக்கல் நிற்கவில்லை.

"இவளை நினைச்சிக்கிட்டு இருக்கது ஒரு காகிதம்" என்று பயம் முணுமுணுத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியில், ஒரு ஜன்னலுக்கு உள்ளே, அவள் பேர் எழுதி மடித்து வைத்த காகிதம். நாலு நாளாக அவள் வருவாள் வருவாள் என்று பார்த்துக்கொண்டு கிடந்தது.

"என்ன காகிதம் அண்ணாச்சி?" என்று விக்கல் கேட்டது.

பயம் குனிந்து, ரகசியமாகச் சொன்னது. மூன்று மாசத்துக்கு முன்னால் உலகம்மாளின் மார்பில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பத்துப் போடச் சொன்னாள். போட்டாள். தோல் உரிந்தது, கட்டி அப்படியே இருந்தது. பிறகு யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

"அன்னைக்கு அந்த ஊசியோட நான் உள்ள வந்தேன்" என்றது பயம்.

"அஞ்சு நிமிஷ நடைதானே? போயி வாங்கிட வேண்டியதுதானே?"

"நான்தான் விடல. அதை வாங்காத வரைக்கும் அதுல ஒண்ணும் எழுதியிருக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னா கேட்டுக்கிடுதா."

விக்கலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொருவரை நினைத்துக் கவலை வந்தது. கவலையில் பலமாகக் குதித்தது. வெளியே ஒலிபெருக்கியில் சங்கரன்கோவில் நாலு துண்டாக உடைந்தது.

பத்து மணிக்கு டைம் கீப்பர் பூதத்தான் நேரில் வந்தார். வந்தவர் எல்லாரையும் ஒதுக்கி நிறுத்தினார். "இதெல்லாம் வைத்தியமாய்யா? அதிர்ச்சி கொடுக்கணும். ஒரே அதிர்ச்சி, பறந்துரும்" என்று கூட்டத்தின் காதில் சொன்னார். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய், "உலகம்மா, மனசைத் தேத்திக்கோ. உன்னை ஓசூருக்கு மாத்திட்டாங்க. நாளைக்கே போய்ச் சேரணுமாம்" என்றார்.

அதிர்ச்சி பாய்ந்து உள்ளே ஓடியது. இளசு, துடிப்பானது. நெஞ்சைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்க வேண்டும் என்றுதான் போனது. அங்கே பயம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தடுக்கி நின்றது.

"என்னடே?" என்றது பயம்.

"சும்மா... ஓசூர் விஷயமா..."

"நான் இருக்கையில உனக்கு இங்க என்ன சோலி?"

அதிர்ச்சி தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டது.

உலகம்மாள் இமை கூடத் தட்டவில்லை. "சரி... இக்... சார்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. "அட, அக்கா பெரிய தைரியசாலிதான்" என்றார் ஆவுடையப்பன். மைதீன் பாத்து சிரிக்கவில்லை. இந்த ஊரை விட்டு வெளியே ஒரு ராத்திரி தங்கப் பிடிக்காதவள் உலகு. ஓசூர் என்றதும் சரி என்கிறாள் என்றால், அவள் காதில் ஓசூரே விழவில்லை. அப்படியானால் வேறு எதுவோ அங்கே நிறைந்து கிடக்கிறது.

மைதீன் பாத்து எழுந்து முந்தானையை உதறினாள். "எல்லாரும் போங்க. அவளுக்கு மூச்சு விட இடம் கொடுங்க." ஆண்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மைக் சுவிட்சை அணைத்தாள். உலகம்மாளின் நெற்றியிலிருந்து நூலை எடுத்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. உனக்கு என்ன செய்யுது?"

பயம் சட்டென்று எழுந்து உலகம்மாளின் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவள் பதினோரு நாளாக எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. ஒண்ணுமில்லை. அதைச் சொல்லிவிட்டால் மைதீன் பாத்துவும் போய்விடுவாள்.

பயம் எழுந்துகொண்டதால் விக்கலுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் இடம் கிடைத்தது. தப்பித்து ஓட அது போதும். ஆனால் அது ஓடவில்லை. உலகம்மாள் வாயைத் திறந்த நேரம் பார்த்து, தன் பலத்தையெல்லாம் கூட்டிக் குதித்தது.

"ஒண்ணு... இக்!"

மீதி வார்த்தை உள்ளேயே விழுந்துவிட்டது.

"ஒண்ணா? என்ன ஒண்ணு?" என்றாள் மைதீன் பாத்து. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒண்ணைச் சொல்லுளா."

உலகம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, சுண்ணாம்பு, ஊசி, நாலு நாளாக வாங்காத காகிதம், மகளுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாளே என்று சொல்லாமல் வைத்தது. விக்கி விக்கிச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் பயம் ஒரு சாண் குறைந்தது. அதுவே அதைக் கவனித்து, தன் கை காலைப் பார்த்துத் திகைத்தது.

மைதீன் பாத்து பத்துப் போடச் சொன்னவளை மட்டும் ஒரு வார்த்தை திட்டினாள். பிறகு கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"சார், கூடையைப் பார்த்துக்கோங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரோம்."

"விக்கலுக்கா?" என்றார் பூதத்தான்.

"ரெண்டு நாள் நிக்கலன்னா விக்கலுக்கும் போவணும்தான். இது அதுக்கு இல்ல. நீங்க மைக்கைப் பாருங்க."

அவர்கள் பின்வாசல் வழியாக நடந்தார்கள். பின்னால் பூதத்தானின் குரல் கேட்டது. தென்காசி வண்டியைத் தூத்துக்குடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் இருந்தவர் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். உலகம்மாளுக்குப் பிரிக்கக் கை வரவில்லை. மைதீன் பாத்துவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் அதை மடித்தபடியே டாக்டரம்மா மேசையில் வைத்தார்கள்.

டாக்டரம்மா படித்தாள். எழுந்து வந்து ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள்.

"சாதாரணக் கொழுப்புக் கட்டிதான்மா. பயப்படற மாதிரி எதுவும் இல்லை."

"கேன்சர்..."

"இல்லை."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தாச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுங்க. நடுவுல பெருசான மாதிரித் தெரிஞ்சா உடனே வாங்க, காத்திருக்காதீங்க. இந்தத் தோல் ஏன் இப்படி உரிஞ்சிருக்கு?"

"சுண்ணாம்பும் வெல்லமும்மா."

"அதை வெத்தலைக்கும் பொங்கலுக்கும் வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா புண்ணுக்குக் களிம்பு எழுதினாள். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"காலையில இருந்து..." என்று உலகம்மாள் ஆரம்பித்தாள். நிறுத்தினாள். கொஞ்சம் காத்துப் பார்த்தாள். மைதீன் பாத்துவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

டாக்டரம்மா "இல்லை" என்று சொன்னபோது உலகம்மாள் ஒரு மூச்சு விட்டாளே, பதினோரு நாளாக விடாத மூச்சு, அதில் விக்கல் போயிருந்தது. மூன்று மணி நேரம் ஆயுள். அதன் குடும்பத்தில் யாரும் அவ்வளவு நாள் வாழ்ந்ததில்லை.

"இல்லம்மா. வேற ஒண்ணுமில்ல" என்றாள் உலகம்மாள். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மைதீன் பாத்து ஏன் என்று கேட்காமல் அவளும் சிரித்தாள். பூதத்தான் கொடுத்த ஓசூர் அப்போதுதான் உலகம்மாளுக்கு ஞாபகம் வந்தது. "ஏளா, என்னை ஓசூருக்கா மாத்தியிருக்காங்க?" என்று அவள் பதறியதைப் பார்த்து மைதீன் பாத்துவுக்குச் சிரிப்பு இன்னும் கூடிப்போயிற்று.

உலகம்மாளிடமிருந்து இறங்கிய பயம் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டிருந்தது. பூனைக்குட்டி அளவுக்கு ஆகியிருந்தது. வேறு இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தது. ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் ஒரு பெண் தனியாக இருந்தாள். கையில் சீட்டை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பயம் அதைக் குறிவைத்து மெதுவாக நடந்தது.

உலகம்மாளும் அவளைப் பார்த்தாள். மைதீன் பாத்துவிடம், "நீ போ, நான் பின்னாலயே வாரேன்" என்றாள். நேரே பெஞ்சுக்குப் போனாள்.

"ஒத்தையிலயா வந்திருக்கீங்க?" என்று கேட்டபடி, பயம் உட்காரப்போன இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.