தேள் தொடக்கம், தேள் முடிவு

முன்னொரு காலத்தில், கண்ணால் கண்டதையும் ஓலையில் படித்தால்தான் நம்பும் அரசன் ஒருவன் இருந்தான். அவனுடைய எழுத்தர்களின் தலைவர் விழுப்பரையர் ஒரு விதி செய்திருந்தார். எதை எழுதினாலும் அதன் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லியாக வேண்டும். ‘யானை தொடக்கம், நிறம் கருமை, யானை முடிவு.’ இந்த விதிப்படி எழுதிய வெள்ளச் செய்தி மூன்று வண்டிகளில் ஏறி வந்தது. வெள்ளம் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது.

அரசவை விகடன் சேந்தனுக்குப் பொறுக்கவில்லை.

“அரசே, அவசரத்துக்கு முடிச்சுப் போட்ட கயிறு போதும். சிவப்புக் கயிறு பகை, நீலக் கயிறு வெள்ளம். எல்லாக் கோட்டைக்கும் ஒரே முறை. நிதானமாகப் படிக்க ஓலையும் இருக்கட்டும்.”

“கயிறா? மாடு கட்டவா?” என்றார் விழுப்பரையர். “கோட்டைக்கு ஒருவன் தன் இஷ்டப்படி முடிச்சுப் போடுவான். அவிழ்க்க இவன் வருவானா?”

அவை சிரித்தது. அரசனுக்கு விளையாட்டுப் புத்தி கிளம்பிற்று.

“சேந்தா, நாளை உச்சிப்பொழுதுக்குள் உன் கட்சியை என் வாயாலேயே சொல்ல வை. தவறினால் நாட்டைவிட்டு நட!”

“உத்தரவு. அதுவரை அரண்மனையில் ஓலை விதிப்படியே பேச எனக்கு அனுமதி வேண்டும்.”

விழுப்பரையர் பூரித்துப் போனார்.

மறுநாள் அரசன் உணவுக்கு அமர்ந்தான். எதிரே விழுப்பரையர். சேந்தன் அரசனின் சால்வையைச் சரிசெய்துவிட்டு முழங்கினான்: “இலை தொடக்கம். வகை வாழை. இலை முடிவு. உப்பு தொடக்கம்...”

சோறு ஆறிற்று. அரசன் பல்லைக் கடித்தான்.

“தேள் தொடக்கம். நிறம் கருமை. கால்கள் எட்டு. இருப்பிடம் தொடக்கம். அரசர் தொடக்கம். அரசரின் இடத்தோள்...”

விழுப்பரையர் நிமிர்ந்து பார்த்தார். அரசனின் தோளை நோக்கி விரலை மட்டும் நீட்டினார். அரசன் துள்ளிச் சால்வையை உதறினான்.

“அடேய்! நீ படித்து முடிப்பதற்குள் நான் முடிந்திருப்பேன்! என்னைக் காத்தது அந்த விரல்தானடா!”

“விரலுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை அரசே. ஆனாலும் அதன் பொருள் எல்லாருக்கும் ஒன்றே. கயிறும் அப்படித்தான்.”

அரசன் கீழே குனிந்தான். பனையோலையில் முடைந்து மை பூசிய தேள்!

“ஓலையும் வேண்டும் என்று நேற்றே சொன்னேனே” என்றான் சேந்தன்.

அரசன் புரையேறும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைச் சேந்தன் கழுத்தில் போட்டான். எந்த முடிச்சுக்கு என்ன பொருள் என்று ஒவ்வொரு கோட்டைக்கும் ஓலை எழுதும் வேலை விழுப்பரையருக்குக் கிடைத்தது, அவருடைய விதிப்படியே.

கோட்டைகள் காத்திருக்கின்றன. அவர் இன்னும் முதல் முடிச்சின் தொடக்கத்தில்தான் இருக்கிறாராம்.