வியாழக்கிழமை டாக்டரம்மா

காலை நீட்டிப் படு. போர்வை கழுத்து வரைக்கும் போதும், மூஞ்சியை மூடிக்கிட்டா நீ ‘ம்’ போடறது அத்தைக்குக் கேக்காது. கதை நடுவுல தண்ணி வேணும், பாத்ரூம் வரணும்னு ஆரம்பிச்சியோ, நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. பேரு சுகிர்தா. நாக்கை நீட்டச் சொல்ற டாக்டர் இல்ல, வயித்தை அமுக்கிப் பாக்கற டாக்டரும் இல்ல. தூங்க வைக்கிற டாக்டர். ஆபரேஷன் பண்ணினா வலிக்கும்ல? வலி தெரியாம தூங்க வச்சு, முடியற வரைக்கும் தலைமாட்டுலயே இருந்து மூச்சைப் பாத்துக்கிட்டு, முடிஞ்சதும் பதமா எழுப்பி விடறவங்க. மயக்க டாக்டர்னு சொல்லுவாங்க. உன்னை மாதிரி அடங்காப்பிடாரியைக்கூட கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தூங்க வச்சிடுவாங்க. நான்தான் தினமும் தொண்டை வத்தக் கத்திக்கிட்டுக் கெடக்கேன்.

டவுன்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை. எந்தக் குறையும் இல்ல. ஆனா மனசுக்குள்ள ஒரு குறுகுறுப்பு. நாலு பேருக்குக் காசு வாங்காம ஏதாவது செய்யணும், எங்க போய் என்னத்தைச் செய்யறதுன்னு. ம் சொல்லு.

அப்போ கூட வேலை பாக்கறவங்க, "வாங்க மேடம், பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போறோம்"னு கூப்பிட்டாங்க. சரின்னு போயி, சளப்பு சளப்புன்னு தொட்டு சுவத்துல யானை வரைஞ்சாங்க. அது பூசணிக்காய்க்கு வால் முளைச்ச மாதிரி வந்துச்சு. பிள்ளைங்க கெக்கெக்கேன்னு சிரிச்சுதுங்க. வாத்தியார் சால்வை போட்டாரு, பளிச்னு போட்டோ எடுத்தாங்க. மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிச்சுட்டாங்க.

அப்புறம் சர்ச்சுல அசனம் வந்துச்சு. ஊருக்கே சாப்பாடு. சுகிர்தா சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு லொங்கு லொங்குன்னு ஓடினாங்க. மோர்ச்சோறு பிசைஞ்சு வச்சிருந்த ஒரு பெரியவர் இலையில தொபுக்குன்னு சாம்பாரை ஊத்திட்டாங்க. அவர் இலையைப் பாத்தாரு, இவங்களைப் பாத்தாரு. "தாயே, நீ உக்காந்து சாப்பிடு, அதுவே பெரிய உதவி"ன்னுட்டாரு. அங்கயும் ஒரு சால்வை.

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

அப்புறம் மூணாவதா, மலையடிவாரத்துல ஒரு ஊர்ல இலவச முகாம். கண்ணு டாக்டர்கிட்ட வரிசை, சுகர் டாக்டர்கிட்ட வரிசை. இவங்ககிட்ட ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு அம்மா வந்து, "நீங்க எதுக்கு டாக்டரு?"ன்னு கேட்டுச்சு. "மயக்க மருந்து குடுக்கறதுக்கும்மா." "ஆத்தி, நான் பஸ் புடிச்சுப் போகணும்"னு அந்தம்மா நகந்துருச்சு. "சும்மாதானே இருக்கீங்க, டோக்கன் குடுங்க மேடம்"னு ஒரு டோக்கன் கட்டைக் கையில திணிச்சாங்க. சுகிர்தாவுக்கு அழுகையே வந்துருச்சு. இவ்வளவு படிச்சும் நம்மளால ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லையேன்னு.

அப்போ பக்கத்து மேசையில ரவூப்னு ஒரு தொண்டை டாக்டர், அந்த ஊரு அரசு ஆஸ்பத்திரிக்காரரு, ஒரு பாப்பாவைப் பாத்துக்கிட்டிருந்தாரு. பாப்பா பேரு மகிழா, உன் வயசுதான். அம்மா பேரு இசக்கி. மகிழாவுக்குத் தொண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் சதை வீங்கிக்கிட்டு, படுத்தா கொர்ர்ர் கொர்ர்ர்னு இழுக்கும். நடுவுல சத்தமே நின்னுடும். அப்புறம் ஹக்குன்னு மூச்சு முட்டி எந்திரிச்சு அழும். அதனால இசக்கி ராத்திரி பூரா புள்ளையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு உக்காந்தே இருப்பா. ரெண்டு பேருமே ஒழுங்காத் தூங்கி வருஷமாச்சு.

"ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்மா. நான் பண்ணத் தயார். தூங்க வைக்க ஆள் வந்தாத்தானே?"ன்னு ரவூப் டாக்டர் தன் தலையில கை வச்சுக்கிட்டாரு.

சுகிர்தா டோக்கனைக் கீழ வச்சாங்க. "சார், நான் மயக்க டாக்டர்தான்."

"அல்லாவே, உங்களையா டோக்கன் குடுக்க விட்டாங்க?"

"வர்ற வியாழக்கிழமை எனக்கு லீவு. ஒரு நாள் வந்து செஞ்சு குடுத்துட்டுப் போறேன்"னாங்க.

வியாழக்கிழமை வந்துச்சு. சுகிர்தாவும் சொன்ன மாதிரி வந்தாங்க. ஆனா தூங்க வைக்கணும்னா வயிறு காலியா இருக்கணும். சாப்பிட்டிருந்தா, தூக்கத்துல அது மேல ஏறி மூச்சுக்குழல்ல போயிடும், ஆபத்து. அதனால, "பாப்பா ஏதாவது சாப்பிட்டுச்சா?"ன்னு கேட்டாங்க. இசக்கி வேற பக்கம் பாத்தா. மகிழாதான், "ரெண்டு இட்லி"ன்னு விரலைக் காட்டுச்சு.

சுகிர்தாவுக்குச் சுர்ருன்னு கோவம். "படிச்சுப் படிச்சுச் சொன்னோமேம்மா!"

இசக்கி தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா. "போன ரெண்டு தடவையும் பட்டினி போட்டுத்தான் கூட்டியாந்தேன்மா. மயக்க டாக்டர் வரலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. புள்ள பசி பசின்னு பஸ்ஸெல்லாம் அழுதுச்சு. இன்னைக்கும் யாரு வரப்போறான்னு நெனச்சு ஊட்டிட்டேன்."

சுகிர்தாவுக்குக் கோவம் போன இடம் தெரியல. தப்பு இவ மேல இல்லையேன்னு பட்டுச்சு. ஒரு நாள் வந்து தலையைக் காட்டிட்டுப் போறவங்களை இவ எப்படி நம்புவா? "அடுத்த வியாழக்கிழமையும் வருவேன், இசக்கி"ன்னாங்க. "சரிங்கம்மா"ன்னா இசக்கி. நம்பாதவங்க சொல்ற ‘சரி’தான் அது.

டவுனுக்குத் திரும்பினதும் சுகிர்தா அவங்க ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர்கிட்ட போனாங்க. "ஞாயித்துக்கிழமை டூட்டியை யாரும் வாங்க மாட்டேங்கறாங்கல்ல, அதை நான் பாக்கறேன். எல்லா வியாழக்கிழமையும் என்னை விட்ருங்க." அவரு ஒரு மாதிரி பாத்தாரு, சரின்னுட்டாரு.

தூங்கிட்டியா? ம், இல்ல. கேளு.

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசல்ல இசக்கி உக்காந்திருந்தா. மடியில மகிழா, பக்கத்துல இட்லி டப்பா, மூடி திறந்தபடி. வரலைன்னா உடனே ஊட்டிடணும்னு. புள்ள டப்பாவையும் அம்மா மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்குது. அப்போ டவுன் பஸ் வந்து புஸ்ஸுன்னு நின்னுச்சு. முத ஆளா சுகிர்தா இறங்கினாங்க. இசக்கி டப்பாவை டக்குன்னு மூடிட்டா.

உள்ள படுக்க வச்சதும் மகிழாவுக்குப் பயம். "எந்திரிச்சதும் இட்லி தருவீங்களா?" "இன்னைக்கு ஐஸ்கிரீம்டா தங்கம். இட்லி அப்புறம்"னாங்க சுகிர்தா. உனக்கு இல்லடி, உனக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு. சுகிர்தா நெத்தியைத் தடவிக் குடுத்துக்கிட்டே மூக்குல மாஸ்க்கை வச்சாங்க. ரவூப் டாக்டர் வேலையை முடிக்கற வரைக்கும் அந்தக் குட்டி மூச்சை விட்டுக் கண்ணை எடுக்கல.

சாயங்காலம் வார்டுல மகிழா மல்லாந்து படுத்துத் தூங்கிக்கிட்டிருந்துச்சு. ஒரு கொர்ரும் இல்ல. சத்தமே வரலையேன்னு இசக்கி பயந்து, மூக்குக்கிட்ட விரலை வச்சு வச்சுப் பாத்தா. "நல்லா மூச்சு விடறா. நான் பாத்துக்கறேன், நீ படு"ன்னாங்க சுகிர்தா. இசக்கி கட்டிலுக்குப் பக்கத்துல தரையில சேலையை விரிச்சுப் படுத்தா. அடுத்த நிமிஷமே தூங்கிட்டா. அவளைத் தூங்க வைக்க மருந்தே வேண்டியிருக்கல.

அதுக்கடுத்த வியாழக்கிழமை சுகிர்தா பஸ்ஸை விட்டு இறங்கினா, வாசல்ல நாலஞ்சு அம்மாமாருங்க, ஆளுக்கு ஒரு புள்ளையோட. இசக்கி ஊரெல்லாம் சொல்லியிருக்கா. ஒரு குட்டிப் பையன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு "பசிக்குதும்மா"ன்னு சிணுங்கினான். "இன்னும் கொஞ்ச நேரம்டா ராஜா, டாக்டரம்மா வந்துட்டாங்க"ன்னு அவன் அம்மா சொன்னா. சுகிர்தா எத்தனை பேருன்னு எண்ணிப் பாக்கல, இட்லி டப்பா இருக்கான்னுதான் பாத்தாங்க. ஒருத்தி கையிலயும் டப்பா இல்ல.

அவ்வளவுதான்டி. கதையும் கொட்டாவி விட்டாச்சு, அத்தையும் விட்டாச்சு. நீ கண்ணை மூடு, நான் பக்கத்துலயே இருக்கேன்.