வில்லில் கட்டிய மணிகள்

கிரேக்க தேசத்துக் கிரீட் தீவில் சிஃபிஸ் என்று ஒரு ஆட்டுக்காரன். லீரா வாசிப்பதில் எமகாதகன். லீராவுக்கு மூன்றே தந்தி. அதை முழங்காலில் நிமிர்த்தி வைத்து, தந்தியை நகத்தால் ஒதுக்கி, வில்லை இழுத்தான் என்றால் அப்படியொரு வேகம்! கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் காலையில் லீராவும் கையுமாக, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குரு அர்கிரோவின் வீட்டுக்கு வந்தான். அந்த அம்மாதான் அவனுக்கு லீரா கற்றுக்கொடுத்தவர். முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை என் மக தெஸ்பினாவுக்குக் கல்யாணம், குருவே. முதல் ஆட்டம் பொண்ணோடது. அதுக்கு வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கப்பான்னுட்டா. பெத்த அப்பன் நான் இருக்கேன்!"

"ஏன்னு கேட்டியா?"

"கோபத்துல எழுந்து வந்துட்டேன். என் வாசிப்புல என்ன குறை? நீங்களே சொல்லுங்க."

"வில்லைக் கொடு."

வில் நெடுகச் சின்னச் சின்ன மணிகள். குரு அவற்றை அவிழ்த்து, தன் இரண்டு கணுக்காலிலும் கட்டிக்கொண்டார்.

"இது வில்லுல எதுக்கு இருக்கு?"

"அந்தக் காலத்துல லீராக்காரன் தனியாத்தான் வாசிப்பான். தாளத்துக்குப் பக்கத்துல ஆள் கிடையாது. ஆடறவங்களுக்காக மணி கட்டினாங்க."

"நல்லா ஒப்பிக்கிறே. சரி, கல்யாண ஆட்டம் வாசி. நான் ஆடறேன்."

சிஃபிஸ் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்திலேயே முகம் சுளித்தான். மணிச்சத்தம் பின்தங்கி வந்தது. வேகத்தைக் கூட்டினான். ம்ஹூம், மணி இன்னும் பின்னால் போனது.

"தாளம் தப்புது, குருவே!"

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். ஒரு கால் லேட்டா விழுது."

சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தான். குரு வலது காலை லேசாக இழுத்து இழுத்து ஆடிக்கொண்டிருந்தார்.

அந்த நடை அவனுக்குத் தெரியும். ஏழு வயதில் தெஸ்பினா பாறையிலிருந்து விழுந்தாள். அவளைத் தோளில் தூக்கி வந்தவனே அவன்தான். அன்றிலிருந்து அவள் நடப்பது இப்படித்தான்.

வில் நின்றது.

குரு நிறுத்தவில்லை. அவன் அந்தக் காலையே பார்த்தபடி மறுபடி இழுத்தான், மெதுவாக. கால் விழும்வரை வில் காத்திருந்தது. இப்போது மணியும் தந்தியும் சேர்ந்தே ஒலித்தன.

ஆட்டம் முடிந்ததும் குரு மணிகளை அவிழ்த்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் பட்டாணிக்குத் திரும்பினார்.

"இனிமே மக சம்மதிப்பாளா, குருவே?"

"இதை இன்னிக்கு அவ காலுல கட்டி ஆடச் சொல்லு. நீ கண்ணைத் திறந்து வாசி. அப்புறம் கேளு."